தோட்டப்பாளையத்தில் பழைய ஃபிளாட்டா, சத்துவாச்சாரியில் புது ஃபிளாட்டா?

கேள்வி: குடியாத்தத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, கூடவே மூட்டு வலி. மாதம் இரண்டு முறை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். மகள் காட்பாடியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வேலூருக்கே குடிவந்துவிடலாம் என்று இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று தோட்டப்பாளையத்தில். 33 வருடப் பழைய அபார்ட்மென்ட், மொத்தம் 12 வீடுகள். நாங்கள் பார்த்தது இரண்டாவது மாடி, 1,180 சதுர அடி, யு.டி.எஸ். (மனையில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) 620 சதுர அடி, விலை 48 லட்சம். லிஃப்ட் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை, மெயின்டனன்ஸும் மாதம் 500 ரூபாய்தான். இன்னொன்று சத்துவாச்சாரியில், கட்டி முடித்த புது ஃபிளாட். லிஃப்ட், கார் பார்க்கிங் உண்டு. 1,010 சதுர அடி, யு.டி.எஸ். 395, விலை 54 லட்சம். கையில் 17 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன். பழசு வேண்டவே வேண்டாம் என்கிறார் அண்ணன். பெரிய வீடு, ஊர் நடுவில், விலையும் குறைவு என்கிறார் கணவர். எதை வாங்கலாம்?
- வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலைக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘சி.எம்.சி.’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இடா ஸ்கடர் ரோட்டில் உள்ள பழைய வளாகமா, ராணிப்பேட்டைப் பக்கம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் 2022-ல் திறந்த புது வளாகமா? விபத்து சிகிச்சைப் பிரிவு உட்பட சில துறைகள் அங்கே போய்விட்டன. அம்மாவுக்கு இப்போது பார்க்கும் டாக்டர் எங்கே உட்காருகிறார், நாளை டயாலிசிஸ் தேவைப்பட்டால் எங்கே வரச் சொல்வார்கள், இரண்டையும் அடுத்த முறை போகும்போது கேட்டுவிடுங்கள். பழைய வளாகம் என்றால் தோட்டப்பாளையம் அருமையான இடம். ராணிப்பேட்டை என்றால் கதையே வேறு. சத்துவாச்சாரி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. தோட்டப்பாளையத்திலிருந்து கிளம்பினால் ஊர் நெரிசலைத் தாண்டித்தான் நெடுஞ்சாலையைத் தொடவேண்டும். ‘ஊர் நடுவில் இருக்கிறது’ என்று அங்கே வாங்கிவிட்டு, ஊரை விட்டு வெளியே போகவே தினமும் ஆட்டோ தேடுவது வீண் செலவு.

மகளுக்கு இரண்டுமே ஏறக்குறைய ஒன்றுதான். எங்கிருந்து கிளம்பினாலும் கிரீன் சர்க்கிளையும் பாலாற்றுப் பாலத்தையும் கடந்துதான் காட்பாடி போகவேண்டும். காலை எட்டரைக்கு ஒருமுறை நீங்களே பஸ்ஸில் போய்ப் பாருங்கள், போதும்.

சரி, பழைய வளாகம்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் பரப்பளவு. தோட்டப்பாளையத்தில் 1,180, சத்துவாச்சாரியில் 1,010. வித்தியாசம் 170 சதுர அடி என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும். புதுக் கட்டடங்களில் லிஃப்ட், லாபி, படிக்கட்டு, ஜெனரேட்டர் அறை என எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துத்தான் விற்பனைப் பரப்பு சொல்வார்கள். பழைய கட்டடத்தில் அந்தப் பொது இடமே குறைவு. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து கூட்டுங்கள். பழையதில் 965, புதியதில் 735 வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. அப்படி வந்தால், காகிதத்தில் சதுர அடி 4,068 ரூபாய்க்கும் 5,347 ரூபாய்க்கும் இருந்த இடைவெளி, காலால் மிதிக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டால் 4,974-க்கும் 7,347-க்கும் ஆகிவிடும். உங்கள் கணவர் இதைத்தான் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஒன்று மட்டும், பழைய வீடுகளில் நடுவில் ஒரு நீள நடை இருக்கும். துணி காயப்போடத் தவிர வேறு எதற்கும் ஆகாது. அதைத் தனியாக அளந்து கழித்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பழைய ஃபிளாட்டுக்கு என்ன விலை தகும் என்பது. வங்கிக்கு மதிப்பீடு எழுதும்போது நாங்கள் போடும் கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். நிலமும் கட்டடமும் தனித்தனி. அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 5,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புரோக்கர் சொல்லும் விலையை எடுக்காதீர்கள், கடைசியாகப் பதிவான விலையைப் பாருங்கள். உங்கள் 620 அடிக்கு 31 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட அடிக்கு 2,300 ரூபாய் என்றால் 1,180 அடிக்குச் சுமார் 27 லட்சம். கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், கடைசியில் பத்து சதவீதம் மிஞ்சும் என்று வைத்தால் 33 வருடத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தேய்ந்திருக்கும். மிச்சம் 13.7 லட்சம். இரண்டையும் கூட்டினால் 44.7 லட்சம். இதுவும் கட்டடம் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருந்தால்தான்.

இதே முறையில் சத்துவாச்சாரியைப் பாருங்கள். அங்கே மனை 4,000 என்று வைத்தால் 395 அடிக்கு 15.8 லட்சம்தான். மீதி 38 லட்சத்துக்கு மேல் கட்டடத்துக்கும் லிஃப்ட்டுக்கும் பார்க்கிங்குக்கும் பில்டர் லாபத்துக்கும் கொடுக்கிறீர்கள். வருஷா வருஷம் தேய்வது அந்தப் பகுதிதான். பழசு வேண்டவே வேண்டாம் என்கிற உங்கள் அண்ணனிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள். பழைய ஃபிளாட்டில் தேய வேண்டியது பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. நீங்கள் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குப் போகிறது.

ஆனால் அந்த 620 உண்மையா என்று பார்க்கவேண்டும். பழைய அபார்ட்மென்ட்களில் நான் முதலில் கேட்பது பன்னிரண்டு வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள யு.டி.எஸ்.ஸைக் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா என்பதைத்தான். சில இடங்களில் அனுமதி வாங்கியது இரண்டு மாடிக்கு, கட்டியது மூன்று மாடி. மேலே வந்த வீடுகளுக்கும் அதே மண்ணிலிருந்து பங்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். கூட்டிப் பார்த்தால் மனையைவிடப் பங்கு அதிகமாக இருக்கும். அங்கீகரித்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள், மாடிகளை எண்ணுங்கள். மொட்டை மாடி உரிமை யாருக்காவது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் நிலப் பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரம் போட்டு, கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் எழுதுவது வழக்கம். அந்த ஒப்பந்தம் தொலைந்துபோன வீடுகள் நிறைய. வில்லங்கச் சான்றை மனை வாங்கிய காலத்திலிருந்தே எடுங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம். பார்த்ததை ஒரு வக்கீலிடம் கொடுத்துக் கருத்து எழுதி வாங்குங்கள். லோனுக்கு வங்கி வக்கீல் பார்ப்பார்தான், ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக.

இப்போது, உங்களுக்கு மகிழ்ச்சியாகவும் எனக்குப் பயமாகவும் இருக்கிற விஷயம்: மெயின்டனன்ஸ் 500 ரூபாய். பன்னிரண்டு வீடு, மாதம் 6,000. பெருக்குகிறவர் சம்பளம், மோட்டார் கரண்ட் பில், படிக்கட்டு விளக்கு, செப்டிக் டேங்க் லாரி, அத்தோடு தீர்ந்தது. வருஷத்துக்கு 72,000 வசூலிக்கிற சங்கம் வெளிச்சுவருக்கு எப்போது பெயின்ட் அடித்தது, மொட்டை மாடிக்கு எப்போது தட்டோடு மாற்றியது? சங்கத்தின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நோட்டே இல்லை என்றால் அதுவும் பதில்தான். அடுத்த ஐந்து வருடத்தில் வரப்போகிற பெரிய ரிப்பேர் செலவு உங்கள் தலையிலும் விழும். அதை விலையில் கழித்துக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

கட்டடத்தைப் பார்க்கும்போது வீட்டுக்குள் நேராகப் போகாதீர்கள். விற்கிற வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். மொட்டை மாடியில் தொடங்குங்கள். கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயோ அரசங்கன்று முளைத்திருக்கிறதா? அங்கே வெடிப்பு இருக்கிறது, யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். அடுத்து முதல் மாடி வீட்டுக்காரரிடம் இரண்டு நிமிடம் அனுமதி கேட்டு, அவர் பாத்ரூம் கூரையைப் பாருங்கள். அதுதான் உங்கள் பாத்ரூமின் தரை. மஞ்சள் கறை, உப்புப் பூத்த திட்டு, பெயின்ட் உரிந்து தொங்குவது, எது இருந்தாலும் உங்கள் பாத்ரூம் தரையை முழுக்கக் கொத்திப் போடவேண்டி வரும். நீங்கள் குடிவந்த மறுமாதமே அவர் மேலே வந்து கதவைத் தட்டுவார்.

கடைசியாகத் தரைத்தளத்துக்கு வாருங்கள். தூண்களின் அடிப்பாகம், படிக்கட்டுத் திருப்பத்தில் உள்ள பீம், சன்ஷேடின் அடிப்பக்கம், இந்த மூன்று இடங்களிலும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘டொப்’ என்று பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு விட்டிருக்கிறது. கம்பியின் நீளத்துக்கே நேர்கோடாக வெடிப்பு ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைத் தள்ளுகிறது. அதற்கு மேல் என்ஜினியரின் வேலை. காங்கிரீட்டில் சிறிதாகக் கொத்தி, பினாப்தலீன் சொட்டு விட்டுப் பார்ப்போம். ரோஸ் நிறம் வந்தால் காங்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறமே மாறவில்லை என்றால் காற்று உள்ளே போய்க் காரத்தைத் தின்றுவிட்டது. அந்த நிறமில்லாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. 48 லட்சம் போடுகிற இடத்தில் இந்தச் சோதனைக்கு ஆகும் சில ஆயிரத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

தண்ணீரை மே மாதத்தில் போய் விசாரியுங்கள். வேலூர் வெயிலில்தான் எந்தக் கட்டடத்தின் சாயமும் வெளுக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் எத்தனை லிட்டர், போர் தண்ணீர் உப்பா, லாரி அழைக்கிறார்களா என்று மாடி வீட்டுக்காரர்களையும் பெருக்குகிற அம்மாவையும் கேளுங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள்.

தோட்டப்பாளையத்துக்கே உரிய இன்னொரு சமாச்சாரம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு அருகில் இருக்கும் ஃபிளாட்களில் பலவற்றை வெளியூர் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் வாசனை படிக்கட்டு முழுக்க வரும். எனக்கு அது பிடிக்கும், உங்கள் வீட்டில் எப்படியோ! பாவம், அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வீட்டில் ஏழு எட்டு அப்படி ஓடினால் தண்ணீர் செலவு இரட்டிப்பாகும், ராத்திரி முழுக்கக் கேட் திறந்து மூடும், ரிப்பேருக்குப் பணம் கேட்டால் ஓனர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். எத்தனை வீட்டில் ஓனர் குடியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் தைரியமாக மேலே பேசலாம். பிற்காலத்தில் நீங்களும் அப்படி வாடகைக்கு விடலாம் என்று புரோக்கர் ஆசை காட்டுவார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிவு செய்வது வீடு கொடுத்தவரின் பொறுப்பு என்பதை அவர் சொல்ல மாட்டார்.

இனி, இந்த வீட்டில் எனக்கு இருக்கிற பெரிய தடை. படிக்கட்டு. மாடிக்கு மாடி பத்தடி உயரம், படிக்கு ஆறு அங்குலம் என்றால் மாடிக்கு இருபது படி. இரண்டாவது மாடிக்கு நாற்பது, வாசல் படி மூன்று. பத்து நிமிட நடை என்பது கேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மூட்டு வலியோடு நாற்பத்து மூன்று படி இறங்கி, போய், இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஊசி போட்டுக்கொண்டு வந்து, மறுபடி நாற்பத்து மூன்று ஏறவேண்டும். டயாலிசிஸ் என்று வந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இதே வேலை. படிக்கட்டின் அகலத்தையும் திருப்பத்தையும் டேப்பால் அளந்து வாருங்கள். மூன்றடிப் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கவேண்டும், அந்த நாலு பேர் ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைக்கவேண்டும். பிறகு லிஃப்ட் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். வெளியே தூண் எழுப்ப இடம் வேண்டும், எல்லோருடைய சம்மதமும் வேண்டும், தரைத்தள வீட்டுக்காரர் ஒரு ரூபாய் கூடத் தரமாட்டார். அதை நம்பி வாங்காதீர்கள்.

ஆகவே, அந்தக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டை விட்டுவிடுங்கள் என்பேன். அதே கட்டடத்திலோ பக்கத்துத் தெருவிலோ தரைத்தளம், அதிகபட்சம் முதல் மாடி கேட்டு வையுங்கள். தரைத்தளத்தில் கொசுவும் இருட்டும் சாக்கடை அடைப்பும் உண்டு, மேல்மாடியின் சித்திரை வெயில் கிடையாது. உங்கள் வீட்டு நிலைமைக்கு இந்தக் குறைகள் தேவலை. அவசரம் இல்லை என்றால் அதே தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு கோடையைக் கழியுங்கள். தண்ணீர், சங்கம், அம்மாவின் நடை என எல்லாம் தெரிந்துவிடும். எந்த வீடு விலைக்கு வருகிறது என்பதும் புரோக்கருக்கு முன்னால் உங்கள் காதுக்கு வரும்.

அம்மா போகவேண்டியது ராணிப்பேட்டை வளாகம் என்று தெரிந்தால் சத்துவாச்சாரிதான். அங்கேயும் புதியதுதான் வேண்டும் என்பதில்லை. வீட்டுவசதி வாரியப் பகுதிகளில் தரைத்தளத்தில் பழைய வீடுகள் கைமாறுகின்றன. வாரியம் கிரயப் பத்திரம் செய்து கொடுத்துவிட்டதா, பாக்கி ஏதும் இல்லையா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். பழைய வீட்டை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை இரண்டும் சேர்ந்து 7 சதவீதம்தான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான லோனுக்கு வங்கி 80 சதவீதம் வரை தரலாம். ஆனால் விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான், பதிவுச் செலவு அதில் சேராது. பழைய கட்டடத்தின் மதிப்பீடு 44 லட்சம் என்று வந்தால் லோன் 35.2. 48 லட்சத்துக்கே வாங்கினால் கையிலிருந்து 12.8, பதிவுக்கு 4.32, பாத்ரூம், ஒயரிங், பைப் மாற்ற ஒரு 4 லட்சம். மொத்தம் 21 லட்சத்துக்கு மேல். உங்களிடம் இருப்பது 17. அந்த விலைக்கு உங்களால் முடியாது என்பதுதான் பேரத்துக்கு உங்கள் பலம். 43.5 லட்சத்துக்கு முடித்தால் இதே கணக்கு 16.6 லட்சத்தில் நிற்கும். எந்தத் தளத்து வீடானாலும் மதிப்பீட்டுக்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

60 வயதில் ஓய்வு என்பதால் 15 வருட லோன் என்று வைக்கிறேன். 8.5 சதவீத வட்டியில் 34.8 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 34,300. சத்துவாச்சாரிக்கு 43.2 லட்சம் வாங்கினால் சுமார் 42,500. மாதம் எட்டாயிரத்துச் சில்லறை வித்தியாசம். மருந்துச் செலவு உள்ள வீட்டில் அது பெரிய தொகை. சத்துவாச்சாரி பில்டரிடம் நிறைவுச் சான்று வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அதாவது இன்னொரு 2.7 லட்சம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது விற்பவர் கணக்கில் போகும் வருமான வரி, பிடித்துக் கட்டுவதும் வாங்குகிறவர் வேலை. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் டி.டி.எஸ். உண்டு, அளவும் அதிகம். அப்போது ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

‘இடித்துக் கட்டினால் புது வீடு கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்பது உண்மை. உங்கள் கட்டடத்தில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் பில்டருக்குக் கூடுதலாக விற்க வீடு கிடைத்தால்தான் அவர் வருவார். தெரு குறுகலாக இருந்தால் அனுமதி கிடைக்கும் உயரமும் குறையும். வந்தால் வரட்டும்.

வீடு படிந்து அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வங்கி லோன் மறுத்தாலோ வக்கீல் குறை எழுதினாலோ அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும், பதிவு நாள் வரை உள்ள சொத்து வரி, கரண்ட், சங்க பாக்கி விற்பவர் கணக்கு. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள், அதுவும் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டாம்.